‘மேல எரியுது சார்!’ – கன்ட்ரோல் ரூமில் தேவைப்படும் ஆளாக மாறுவது எப்படி?

மார்ச் மாதத்து மதியம். தென்காசியில் நின்று மேற்கே பார்த்தால் மலைச்சரிவில் புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கும். மூன்று மணி வாக்கில் ஓரிடத்தில் புகை கிளம்புகிறது. பத்து நிமிடத்துக்குள் இலஞ்சிக்காரர் ஒருவர், பண்பொழிக்காரர் ஒருவர், செங்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் ஒருவர் என ஆளுக்கொரு நம்பரை அழுத்துகிறார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “மேல எரியுது சார்!”

எந்த மேல்? எந்த மலை? யாருடைய எல்லை? யாரை அனுப்புவது? இதைச் சில நிமிடங்களில் முடிவு செய்து மைக்கையோ போனையோ எடுக்க வேண்டியவர் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் டிஸ்பேட்சர். தீயணைப்பு வீரரின் படம் பேப்பரில் வரும். டிஸ்பேட்சர் படம் வராது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கால் எடுப்பவர், மேப் பார்ப்பவர், லாக் எழுதுபவர் பெயர் அந்த அறையிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரை அந்தப் பக்கத்து நாற்காலியைப் பற்றியது. அதைக் குறிவைக்கச் சொல்வதற்குக் காரணம் தியாக உணர்வு இல்லை. அங்கே கூட்டம் குறைவு, கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, தீ சீசனில் நன்றாகச் செய்தவரை மேலதிகாரி மறப்பதில்லை.

தென்காசி 2019 நவம்பர் 22-ம் தேதி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கலெக்டர் அலுவலகம், எஸ்.பி. அலுவலகம் எல்லாம் தனியாக வந்துவிட்டன, அவற்றோடு இந்த நாற்காலிகளும். அதே நேரம், மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இருப்பதால் ஊரில் டிகிரி முடித்த எல்லோருக்கும் கண் ஒரே வாசலில். நல்ல வாசல்தான், மறுக்கவில்லை. ஆனால் டிக்கெட் எழுதுவது, எஸ்கலேட் செய்வது, பதற்றத்தில் இருக்கும் ஆளிடம் நிதானமாகப் பேசுவது என்று சப்போர்ட் வேலைக்காக நீங்கள் பழகும் அத்தனையும் கன்ட்ரோல் ரூமில் அப்படியே செல்லும். இரண்டு கதவுக்கும் பொருந்துகிற சாவியைச் செய்துகொள்வதில் என்ன நஷ்டம்?

1. முதலில், கால் எங்கே போய் விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இன்டர்வியூவில் பாதிப் பேர் சறுக்கும் இடம் இது. 101 தீயணைப்பு. 108 ஆம்புலன்ஸ், 2008 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிறது, அழைப்புகளை எடுக்கும் மையம் சென்னையில். 112 நாடு முழுவதற்குமான ஒரே அவசர எண். 1077 மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநில அளவிலானது. காட்டுத்தீ என்றால் இதில் எதில் வேண்டுமானாலும் கால் வரலாம். கடைசியில் எல்லாம் வனச்சரக அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எந்த எண்ணில் வந்தது, அங்கிருந்து யாருக்குப் போனது, அவர் எடுத்தாரா என்ற மூன்றையும் பேப்பரில் வரைந்து காட்டத் தெரிந்தவருக்கு முதல் மார்க்.

புளியரை, ஆரியங்காவு பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. எல்லையில் நிற்பவரின் போன் கேரள டவரைப் பிடித்துவிட்டால் அழைப்பு அந்தப் பக்கத்து மையத்துக்குப் போய்விடக்கூடும். அங்கே மலையாளத்தில் பதில் வந்ததும் இவர் கட் செய்துவிடுவார். கொஞ்சம் மலையாளம் பேசத் தெரியும் என்பது தென்காசியில் சாதாரண விஷயம். பயோடேட்டாவில் அதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. எழுதுங்கள்.

2. லொகேஷன். லொகேஷன். அப்புறமும் லொகேஷன்.

டிஸ்பேட்சருக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, “மேல” என்ற ஒரு சொல்லை ஒரு இடமாக மாற்றிக் கொடுப்பது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் சென்னையில் ஒரு கால் சென்டரில் நைட் ஷிஃப்ட் பார்த்த காலத்தில் மேக்கரையிலிருந்து வந்த ஒரு காலை ‘மேல்கரை’ என்று டைப் செய்து அனுப்பினேன். அப்படி ஒரு ஊரைத் தேடி மேப்பில் அலைந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆனால் இருபது நிமிடம் போயிற்று. சூப்பர்வைசர் திட்டவில்லை. “அடுத்த தடவை பக்கத்துல என்ன அணை இருக்குன்னு கேளு” என்றார். மேக்கரை என்றால் அடவிநயினார் அணை. அதற்குப் பிறகு ஊர் பெயரோடு ஒரு அணை, ஒரு கோயில், ஒரு ரோடு என்று கேட்காமல் நான் எந்தக் காலையும் மூடியதில்லை.

இங்கேதான் தென்காசிக்காரருக்கு இயற்கையாகக் கிடைத்த அட்வான்டேஜ் இருக்கிறது. தலைநகரில் உட்கார்ந்திருப்பவருக்குக் குற்றாலம் என்றால் ஒரு அருவி. உங்களுக்குப் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி, மேலே செண்பகாதேவி, அதற்கும் மேலே தேனருவி. ஐந்தருவிக்குப் போக வேண்டிய வண்டி பழைய குற்றாலத்துக்குப் போனால் எவ்வளவு நேரம் வீணாகும் என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கண்ணுப்புளிமெட்டு என்றால் குண்டாறு அணை, சொக்கம்பட்டி என்றால் கருப்பாநதி, கடையம் பக்கம் ராமநதியும் கடனாநதியும், முருகன் கோயில் என்றால் பண்பொழி திருமலையா தோரணமலையா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்பது வரை உங்களுக்கு அத்துபடி. இந்த அறிவுக்குச் சான்றிதழ் கிடையாது. அதனால் நீங்களே ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள்: ஊர், பக்கத்து அணை, கோயில், வனச்சரகம், தீயணைப்பு நிலையம், வண்டி போகும் கடைசி இடம்.

சரகம் ஏன் முக்கியம்? குற்றாலம், கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி ஒவ்வொன்றும் தனித்தனி வனச்சரகம். தெற்கே கடையம் சரகம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. மலை ஒன்றுதான், ரேஞ்சர் வேறு, போன் நம்பர் வேறு. கோட்டுக்கு அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிட்டால் அவர் மரியாதையாக “அது எங்க லிமிட் இல்லையே சார்” என்பார். இதற்குள் தீ ஒரு முகடு ஏறியிருக்கும்.

கேட்கும் முறையிலும் கணக்கு இருக்கிறது. பாருங்கள்:

“அண்ணாச்சி, நீங்க எங்க நின்னு பாக்கிய?”

“பண்பொழி கோயிலடியில நிக்கேன் சார்.”

“கோயிலைப் பாத்து நின்னா புகை எந்தக் கைப் பக்கம் தெரியுது?”

“இடது கைப் பக்கம். ரெண்டாவது மலை.”

“புகை நேரா மேல போவுதா, சாஞ்சு போவுதா?”

“வடக்கால சாயுது.”

மூன்று கேள்வி. ஆள் நிற்கும் இடம், திசை, காற்று மூன்றும் கைக்கு வந்துவிட்டன. இதே காலை “கரெக்ட்டா லொகேஷன் சொல்லுங்க” என்று அதட்டிக் கேட்டிருந்தால் அவர் பயந்து போனை வைத்திருப்பார். இதே போல இன்னொரு ஊரிலிருந்து ஒரு கால் எடுத்துவிட்டால் மேப்பில் இரண்டு கோடு போடலாம். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தீ. சர்வே படித்தவர்களுக்கு இது பழைய வித்தை. டிஸ்பேட்சருக்கு முன்னால் முதல் தடவை இதைச் செய்து காட்டினால் உங்கள் பெயர் அவருக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

ஜி.பி.எஸ். எண்களையும் பழகுங்கள். நம் பக்கம் அட்சரேகை 8-லோ 9-லோ தொடங்கும், தீர்க்கரேகை 77-ல் தொடங்கும். யாராவது மாற்றிச் சொன்னால் அந்த நொடியே பிடிக்க வேண்டும். தசமத்தில் 0.01 டிகிரி தப்பினால் தரையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தப்பு. 8.95 டிகிரியை 8 டிகிரி 95 நிமிடம் என்று எழுதுபவர்களும் உண்டு. டிகிரிக்கு 60 நிமிடம்தான் என்பது பள்ளிக்கூடப் பாடம், ஆனால் பதற்றத்தில் முதலில் மறந்துபோவது பள்ளிக்கூடப் பாடம்தான்.

3. தீயைப் படியுங்கள். வண்டி மலை ஏறாது.

வீட்டுத்தீ என்றால் வண்டி போகும், தண்ணீர் பாயும். காட்டுத்தீயில் தீயணைப்பு வண்டி தார் ரோடு முடியும் இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் போவது மனிதர்கள்: வனக்காப்பாளர், வேட்டைத் தடுப்புக் காவலர், தீக்காவலர். கையில் பச்சைக் குழை, அரிவாள், கிடைத்தால் ப்ளோயர். அடித்து அணைப்பார்கள், தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்கள், சில நேரம் எதிர்த்தீ வைப்பார்கள். ஆக இங்கே டிஸ்பேட்சர் அனுப்புவது மணிக்கணக்கில் நடந்து ஏற வேண்டிய ஆட்களை. அவர்கள் போய்ச் சேரும்போது தீ எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி. ‘இப்போது எங்கே எரிகிறது’ என்று மட்டும் சொல்லும் உதவியாளர் பாதி உதவியாளர்.

அதற்குச் சில அடிப்படை விதிகள் போதும். தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புப் பயிற்சிகளில் சொல்லித் தரும் கணக்கு. பகலில் மலைக்காற்று பெரும்பாலும் மேல்நோக்கி வீசும், இரவில் கீழே இறங்கும். புல் கொழுந்துவிட்டு எரிந்து சீக்கிரம் தணியும், மரக்கட்டை நாள்கணக்கில் புகையும். செங்கோட்டைக் கணவாய்க் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2018 மார்ச் 11-ம் தேதியைத் தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு வருகிற யாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரோடு இல்லை, இருட்டிவிட்டது, முதலில் மேலே போனவர்களில் உள்ளூர் மக்கள் இருந்தார்கள், விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. மேலே மொத்தம் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே முதல் மணி நேரங்களில் செய்திக்குச் செய்தி மாறியது. டிஸ்பேட்ச் மேசையில் உட்காரப் போகிறவர் அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த எண்ணிக்கையைத்தான். “மேலே ஆள் இருக்கிறார்களா? எத்தனை பேர்? கடைசியாக யார் பார்த்தது?” என்ற கேள்வியைத் தீ பற்றிய முதல் காலிலேயே கேட்டு, கொட்டை எழுத்தில் போர்டில் எழுதிவிடுங்கள்.

மேலே சிக்கியவரே அழைத்தால்? சொல்ல வேண்டியதை இப்போதே மனப்பாடம் செய்யுங்கள். மேட்டை நோக்கி ஓடாதே. குறுகலான ஓடைப் பள்ளத்துக்குள் இறங்காதே, அது புகைக்கூண்டு மாதிரி தீயை இழுக்கும். வெறும் பாறை, தண்ணீர், ஏற்கெனவே எரிந்து கறுத்து ஆறிய தரை, இந்த மூன்றில் எது பக்கமோ அங்கே போ. முடிந்தால் வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பு, போன் பேட்டரியை மிச்சம் பிடி, பதினைந்து நிமிடத்தில் நானே கூப்பிடுகிறேன். சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுங்கள். டிஸ்பேட்சருக்கு மற்ற லைன்கள் இருக்கும். இந்த ஒரு ஆளைக் கைவிடாமல் பிடித்திருப்பது உங்கள் வேலை.

4. சாட்டிலைட் அலர்ட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு.

டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் சாட்டிலைட் வழியாகத் தீப் புள்ளிகளைக் கண்டு, பதிவு செய்தவர்களின் போனுக்கு அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். வேலைக்குச் சேருவதற்கு முன்பே செய்துவிடுங்கள். மோடிஸ் என்ற கருவியின் ஒரு புள்ளி தரையில் சுமார் 1 கிலோமீட்டர், வீர்ஸ் என்பதன் புள்ளி 375 மீட்டர். அதாவது புள்ளியின் நடுவில் தீ இருக்கும் என்று நினைத்து ஆளை அனுப்பினால் பக்கத்து ஓடையில் போய் நிற்பார்கள்.

இன்னொன்று: சாட்டிலைட் நாள் முழுக்க நம் தலைக்கு மேல் நிற்பதில்லை. வீர்ஸ் மதியம் ஒன்றரை வாக்கிலும் நள்ளிரவு ஒன்றரை வாக்கிலும் கடக்கும். நான்கு மணிக்குப் பற்றிய தீயை அது ராத்திரிதான் பார்க்கும். நடுவில் உங்களுக்குக் கண் பண்பொழிக் கோயிலடியில் நிற்கும் அந்த அண்ணாச்சிதான். சாட்டிலைட்டுக்குச் சூடு மட்டும்தான் தெரியும்; வயலில் எரியும் தட்டையும் செங்கல் சூளையும்கூடச் சில நேரம் காட்டுத்தீ மாதிரி தெரியும். எந்தப் புள்ளி சூளை என்று ஒரு சீசனில் பட்டியல் போட்டு வைத்தால் அடுத்த சீசனில் பல வீண் நடைகள் மிச்சம்.

5. ஒரே தீ, ஐம்பது கால்.

இரவில் எரியும்போது மலைத்தீ முப்பது ஊருக்குத் தெரியும். எல்லோரும் அழைப்பார்கள். அனுபவமில்லாதவர், “தெரியும் சார், ஆள் போயாச்சு” என்று வைத்துவிடுவார். இது ஆபத்து. ஐம்பதில் நாற்பத்தெட்டு பழைய செய்தி. மீதி இரண்டில் ஒன்று வேறொரு தீ, இன்னொன்று அந்தத் தீக்கு நடுவில் மாடு மேய்க்கப் போன அப்பாவைத் தேடும் மகன். ஒவ்வொரு காலிலும் இரண்டே இரண்டு கேள்வி கேட்டுவிட்டு மூடுங்கள்: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், மேலே யாரும் இருக்கிறார்களா? இருபது விநாடி போதும்.

2018 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரில் இதுதான் நடந்தது. புகையும் சாம்பலும் விழுகிறதே என்று காலையில் அழைத்தவர்களுக்குத் தீ தூரத்தில் இருக்கிறது என்று பதில் போனது. மேசையில் இருந்த தகவல் அவ்வளவுதான். அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். அழைத்தவர்கள் சொன்ன சாம்பலே தகவல் என்று யாராவது பக்கத்திலிருந்து தொகுத்துக் கொடுத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2009 பிப்ரவரி 7-ல் 173 பேரைக் கொன்ற தீயின்போது அவசர எண்ணும் காட்டுத்தீ தகவல் எண்ணும் அழைப்புகளின் சுமையில் திணறின. உயிருக்காக அழைப்பவரும் நிலவரம் கேட்பவரும் ஒரே வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணம்.

நம் ஊரில் தீ இல்லாவிட்டாலும் 2023 டிசம்பர் மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி, நெல்லை, தென்காசி முழுக்க ஒரே நேரத்தில் உதவி கேட்டது. அப்படிப்பட்ட இரவில் நிலவரம் கேட்கும் கால்களை, ரிப்போர்ட்டர் கால்களை, ‘எம்.எல்.ஏ. ஆபீஸ்லருந்து பேசுறோம்’ கால்களைத் தனி ஆள், தனி லைன் என்று பிரித்து எடுத்துக்கொள்ளும் உதவியாளர் டிஸ்பேட்சரின் பாதிப் பாரத்தை இறக்கிவிடுகிறார். அமெரிக்காவில் பெரிய தீ என்றால் இதற்காகவே ஒரு தனி அறையைத் திறக்கிறார்கள். சாப்பாடு, வண்டி, ஆள் மாற்றம் எல்லாம் அந்த அறை பார்க்கும், முதல் டிஸ்பேட்சர் புதுத் தீக்களை மட்டும் பார்ப்பார். நம்மிடம் அறை இல்லாவிட்டால் ஒரு மேசை போதும். அந்த மேசையை நானே பார்க்கிறேன் என்று முன்வருபவர் நீங்களாக இருங்கள்.

வாட்ஸ்அப் வீடியோவும் உங்கள் தலையில்தான் விழும். போன வருடத்துத் தீயை இன்று எரிவதாக யாராவது போடுவார்கள். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று பார்த்து ‘பழசு’ என்ற ஒரு சொல்லோடு டிஸ்பேட்சருக்குச் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம்.

6. மைக், லாக், எழுத்து.

சின்ன விஷயம், ஆனால் இம்ப்ரெஷன் முழுக்க இதில்தான். நேரம் 24 மணிக் கணக்கில். யார் சொன்னது, யாரிடம் சொன்னது. கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது. வாக்கியம் ஐந்து சொல்லுக்குள். ‘ஓவர்’ என்றபின் பேசாமல் இருப்பது. கையெழுத்து மோசம் என்றால் இன்றே பழகுங்கள். மின்சாரம் போனால் லாக் பேப்பருக்கு வந்துவிடும். நாளை விசாரணை வந்தால் உங்களையும் டிஸ்பேட்சரையும் காப்பாற்றுவது நீங்கள் எழுதிய அந்தப் பக்கம்தான். சுயநலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒழுங்காக எழுதுங்கள்.

7. டிஸ்பேட்சரைக் கவனியுங்கள். அப்படியே உங்களையும்.

சம்பவ இடத்துக்குப் போகாமல் போனில் கேட்பவருக்கு என்ன பாதிப்பு என்று நினைப்பவர் இந்த அறைக்கு லாயக்கில்லை. அமெரிக்க அவசர அழைப்பு ஊழியர்களிடம் நார்தர்ன் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது: நேரில் பார்க்காவிட்டாலும் அதிர்ச்சி மனதில் தங்குகிறது, குழந்தைகள் சம்பந்தப்பட்ட அழைப்புகள் மிக மோசமானவை என்று அந்த ஊழியர்கள் சொன்னார்கள். டிஸ்பேட்சர் ஒரு கால் முடிந்து மைக்கை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்காமல் இரண்டு விநாடி சும்மா இருந்தால் கவனியுங்கள். “சார், டீ சாப்பிட்டுட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்” என்று சொல்ல அவர் அனுமதி தேவையில்லை. ஆனால் மைக்கை நீங்களாக எடுக்க அனுமதி தேவை, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தண்ணீர், சாப்பாடு, ஷிஃப்ட் மாற்றும்போது பத்து நிமிட ஓவர்லேப். இவற்றை நீங்கள் ஏற்பாடு செய்தால் எடுபிடி வேலை என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மூன்றாம் நாள் இரவு யார் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். தூங்கி எழுந்த பிறகும் ஒரு குரல் காதில் ஓடிக்கொண்டே இருந்தால் டெலி-மனஸ் மனநல உதவி எண் 14416-க்கு நீங்களே ஒரு கால் போடுங்கள். கால் எடுப்பவருக்குக் கால் போடத் தெரியாதா என்ன!

8. பெயர் வாங்குவது எப்படி?

அறைக்குள் டிஸ்பேட்சரைத் திருத்தாதீர்கள், சீட்டில் எழுதி முன்னால் தள்ளுங்கள். தவறு உங்களுடையது என்றால் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். லாக்கில் எப்படியும் இருக்கும். தீ அணைந்த மறுநாள் ஒரு பக்க ரிப்போர்ட்: எத்தனை கால், எத்தனை டூப்ளிகேட், எங்கே நேரம் போயிற்று, எந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் கொடுக்க வேண்டும். யாரையும் குற்றம் சொல்லாமல் எழுதுங்கள், அந்த ரிப்போர்ட் உங்கள் மேலதிகாரி பெயரில் மேலே போனாலும் முகம் சுளிக்காதீர்கள். ஒரு சீசன் அவருக்கு, அடுத்த சீசன் உங்களுக்கு.

பயோடேட்டாவில் ‘டீம் பிளேயர்’, ‘ஹார்டு வொர்க்கர்’ எல்லாம் எடுத்துவிடுங்கள். “மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இத்தனை ஊர்களுக்கான லொகேஷன் பட்டியல் தயாரித்திருக்கிறேன்” என்று ஒரு வரி எழுதி, இன்டர்வியூவில் அந்த நோட்டை மேசையில் வையுங்கள். மற்ற கேண்டிடேட் யாரும் அப்படி ஒன்றைக் கொண்டுவரப் போவதில்லை.

9. கதவுகள்.

தீயணைப்பாளர் வேலைக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். 2024-லிருந்து வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகள் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குள் வந்துவிட்டன. போட்டி கடுமை, இப்போதே தொடங்குங்கள். 108-க்கு மருத்துவ உதவியாளர், பைலட் (ஓட்டுநர்) பணிகளுக்கு மாவட்டங்களில் நேர்முக முகாம் நடக்கும். மையத்தில் கால் எடுக்கும் பணியும் உண்டு. இவை எதுவும் கிடைக்கும்வரை ஆப்த மித்ரா பேரிடர்த் தன்னார்வலர் பயிற்சி கிடைத்தால் சேர்ந்துவிடுங்கள். பன்னிரண்டு நாள், கையில் சான்றிதழ், அதைவிட முக்கியமாக மாவட்டத்தில் யார் யார் என்ற பழக்கம். ஒப்பந்த வேலைகளில் சம்பளம் குறைவு, அதை மறைக்க நான் தயாரில்லை. இரண்டு சீசன் கணக்குப் போட்டு இறங்குங்கள், ஆயுள் முழுக்க அந்த நாற்காலியிலேயே உட்காரத் திட்டமிடாதீர்கள்.

ஜூனில் சாரல் விழுந்ததும் மலை பச்சையாகிவிடும், தீ கால்கள் நின்றுவிடும். அறைக்கு ஓய்வு என்று நினைக்காதீர்கள். அதற்குள் அருவிக்கரைக் கால்கள் தொடங்கியிருக்கும். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் இறந்தான். அங்கேயும் முதல் கேள்வி எந்த அருவி என்பதுதான். தீக்காகப் போட்ட அதே நோட்டு அப்போதும் செல்லும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பைக்கை எடுத்துக்கொண்டு புளியரையில் தொடங்குங்கள். வண்டி போகும் கடைசி இடம் ஒவ்வொன்றிலும் நின்று, போனில் சிக்னல் எத்தனை கோடு என்று பார்த்து எழுதுங்கள். சிவகிரி போய்ச் சேர இரண்டு ஞாயிறு ஆகும்.